அறுபத்துநான்கு பிட்டில் முஹ்ஸின்

மனிதன் அழிந்தாலும் அவன் கைவேலை அழியாது என்றார் லொறிக்கார வீரையா. பின்னால் ஏதோ சரசரத்தது. அவர்தான் முதலில் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்தார். நாய். தர்மபுரத்தில் அன்றிரவு வெளிச்சம் இல்லை. எல்லோரும் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள். இது அவருடைய மருமகனின் கூட்டாளி விஜிதரனுக்கு நடந்தது.

இரண்டாயிரத்து ஆறு, மாசி மாதம். பின்னேரம் ஆறரை... பூநகரி வீதி. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. வயலுக்கு நடுவே ஒற்றைக் கட்டடம், பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்கூடம். உள்ளே கணினிக்கு முன்னால் விஜிதரன்.

தட்டச்சுச் செய்ததை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று அங்கே இருந்தது. எழுதியவன் அங்கே படிப்பித்த முல்லைத்தீவு முஹ்ஸின். தன் குரலையே துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்திருந்தான். சுனாமி அவனைக் கொண்டுபோய் ஒரு வருடத்துக்கு மேல். உடல் கிடைக்கவில்லை. மறுநாள் அந்த மென்பொருளின் திறப்பு விழா. அழைப்பிதழில் ‘ஆக்கம்: கணினி மேதை விஜிதரன்’ என்றிருந்தது. மேதை என்ற சொல்லை அச்சகத்துக்குக் கொடுத்தவனும் அவனே.

பழைய கணினி முப்பத்திரண்டு பிட் வகை. கனடாவிலிருந்து வந்த புதியது அறுபத்துநான்கு. பழையதற்கென்று கட்டிய நிரல் துண்டுகளை அழித்துவிட்டு, முஹ்ஸின் எழுதிய மூல நிரலிலிருந்து மறுபடி கட்டவேண்டும். எது மூலம், எது பழைய துண்டு என்று மேதைக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அப்படியே அள்ளிக் கொண்டுவந்து போட்டிருந்தான். அழுத்தினால், பொருந்தாது என்று சிவப்பில் ஒரு வரி. கணினிக்குத் திருநீறு பூசினான். கற்பூரம் காட்டினான். அழுத்தினான்... அதே வரி.

“நாளைக்கு இது வாய் திறக்குமோ?” சைக்கிளில் வீட்டுக்குப் புறப்பட்ட ஆசிரியை விமலேஸ்வரி கேட்டா.

“ஓம் டீச்சர்.”

“திறக்காட்டி உங்களைத் திரைக்குப் பின்னால இருத்திவிடுறம். நீங்கள் வாசியுங்கோ.”

அவா போனதும் ஜெனரேட்டர் நின்றது. இருட்டு. கடல் எட்டத்தில்... ஆனால் பாசி மணம். தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு, டக். டக் டக். விசைப்பலகை. விஜிதரனின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. பயம்கூட வரவில்லையாம். மரத்துப்போய் அப்படியே இருந்தான்.

காவலாளி கணபதி மண்ணெண்ணெய் ஊற்றி ஜெனரேட்டரை இழுத்தார். கணினியை மறுபடி போட்டபோது சிவப்பு வரி இல்லை. பழைய துண்டுகள் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கட்டி முடிந்திருந்தது.

விழாவில் மாணவி சிவரூபி ‘வணக்கம்’ என்று மட்டும் தட்டினாள்.

“வணக்கம்.” முஹ்ஸினின் குரல். பிறகு... அவள் தட்டாத ஒன்று. “சிவரூபி... சாப்பிட்டாச்சா?”

தினமும் வகுப்புக்கு வந்ததும் அவன் கேட்பது அது.

“ஓம் சேர்” என்றாள் சிவரூபி. குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். “ஏன் சேர் இவ்வளவு நாளும் வரேல்ல?”

ஸ்பீக்கருக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

கேள்வி கேட்கிற மென்பொருளாம்! மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. விஜிதரன் மாலைக்குக் கழுத்தை நீட்டினான்.