குரங்கு கலக்காத ரத்தம்

நான் கிளினிக் நர்ஸ், ஊசி போடறதுல ரொம்ப மெதுவான கை எனக்கு, சார். எங்க ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. கைக்குழந்தைகூட ஊசி உள்ள போய் வெளிய வந்த பிறகுதான் அழலாமா வேண்டாமான்னு யோசிக்கும்.

எங்க சனிக்கிழமைக் கூட்டத்தைப் பத்திக் கேட்டீங்க. அதுல ஒளிக்க ஒண்ணும் இல்லை. பாலைவனத்துல ஒரு டிரெய்லர் வீடு, ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு பாத்திரம் சாப்பாடு. அங்க பேசறது இதுதான்: வானத்துலேருந்து வந்தவங்க இங்க இருந்த குரங்குக் கூட்டத்தோட கலந்துதான் மனுஷ ஜாதியே உண்டாச்சு. ரத்தத்துல பாசிட்டிவ், நெகட்டிவ்னு சொல்றோமே, அதைத் தீர்மானிக்கற பொருளுக்கே ஒரு குரங்கோட பேர்தான் வச்சிருக்காங்க. நாங்க வைக்கல, டாக்டருங்க வச்சது. அது இருக்கறவங்க பாசிட்டிவ். எங்களுக்கு அது இல்லை. நாங்க கலக்காம மிஞ்சினவங்க. என் தங்கச்சி மார்லாவும் நெகட்டிவ்தான். அம்மா போன பிறகு அவளை வளர்த்தது நான்.

அவ இதையெல்லாம் நம்பினதில்லை. "வானத்துலேருந்து வந்தவளுக்கு மூட்டுவலி எப்படிக்கா வருது?"ன்னு சிரிப்பா. சிரிக்கட்டும்னு விட்டேன். ஆனா போயும் போயும் கிளிண்ட்டைக் கட்டிக்கிட்டா. டயர் கடைக்காரன். கையெல்லாம் முடி. பன்னி விலா எலும்பைக் கடிச்சு இழுப்பான், மணிக்கட்டுல வழியற சாஸை நாக்கால நக்குவான். எனக்குக் குமட்டும்னு தெரிஞ்சேதான் செய்வான். அக்குளைச் சொறிஞ்சுக்கிட்டு, "அண்ணி, இந்தக் குரங்குக்கு இன்னொரு எலும்பு போடுங்க"ம்பான். மார்லா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பா.

முதல் பையன் ஜெத், அப்பன் ரத்தம், பாசிட்டிவ். பிறந்தப்போ தோள்ல, முதுகுல எல்லாம் மெல்லிசா முடி. அது சகஜம், தானா உதிர்ந்துடும்னு எத்தனையோ தாய்மாருக்கு நானே சொல்லியிருக்கேன். ஆனா அன்னிக்கு அவனைத் துடைக்கும்போது வாயில எச்சில் ஊறி, வாந்தி வர்ற மாதிரி ஆயிடுச்சு. என் தங்கச்சி உடம்புக்குள்ள பத்து மாசம் இது இருந்திருக்கேன்னு நினைச்சேன்.

நெகட்டிவ் தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்தா, தாய்க்கு ஒரு ஊசி போடணும். குழந்தையோட ரத்தத்தை எதிரின்னு அவ உடம்பு ஞாபகம் வச்சுக்காம இருக்கத்தான் அது. போடலைன்னா, அடுத்த குழந்தையோட ரத்தத்தை அவ உடம்பே அழிக்கலாம். நீங்களே சொல்லுங்க சார். ஒரு உடம்புக்கு அசிங்கம் எதுன்னு தெரிஞ்சிருக்கு. அதோட கண்ணைப் போய் நாம கட்டறோம்.

நான் மருந்தை வாஷ்பேசின்ல ஊத்திட்டு, உப்புத்தண்ணியை ஏத்தினேன். "பஞ்சு மாதிரி கைக்கா உனக்கு"ன்னா மார்லா. அந்த மருந்து போகாத எல்லாருக்கும் அப்படி ஆகறதில்லை. அதனால நானா எதையும் செஞ்சேன்னு சொல்ல முடியாது. அவ ரத்தமே முடிவு பண்ணட்டும்னு விட்டேன், அவ்வளவுதான்.

மறுபடி உண்டானா. பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கறதும் எங்க கிளினிக்ல நான்தான். அவ உடம்பு எதிர்க்க ஆரம்பிச்சிருந்தா அதுல தெரிஞ்சுடும், டாக்டர் வைத்தியம் பண்ணிக் குழந்தையைக் காப்பாத்திடுவார். அதனால அவ ரத்தத்தைக் கொட்டிட்டு, என் ரத்தத்தை அவ பேர்ல அனுப்பினேன். ரெண்டு பேருக்கும் ஒரே வகை. ஒரு குறையும் இல்லைன்னு வந்தது. ஒவ்வொரு தடவையும் அப்படியே வந்தது. கடைசியில பீனிக்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரியில அவ கையிலேருந்தே எடுத்துப் பாத்ததாலதான் நீங்க என் எதிர்ல உக்காந்திருக்கீங்க.

கடைசி மாசத்துக்கு முன்னால ஒருநாள் வந்து நின்னா. "பாப்பா அசையறதே குறைஞ்ச மாதிரி இருக்குக்கா. பயமா இருக்கு."

வயித்துல கை வச்சுப் பாத்தேன். "தூங்கும்டி. உனக்கு எல்லாத்துக்கும் பயம்தான். போய்ப் படு." போய்ப் படுத்துக்கிட்டா. நான் சொன்னா அவ எதையும் கேட்பா.

பொண்ணு பிறந்தது. ஒபல்னு பேர் வச்சாங்க. வெளிறிப்போய், உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தது. சாயங்காலம் வரைக்கும் இருந்தது. கிளிண்ட் தரையில உக்காந்து ஓன்னு கத்தினான். மூக்கு ஒழுகி வாய்க்குள்ள போறதைக்கூடத் துடைச்சுக்கல. பாக்கவே அருவருப்பா இருந்தது.

இனிமே அவன் பிள்ளை எதுவும் மார்லா வயித்துல சுலபமா தங்காது. அவ உடம்பு கத்துக்கிடுச்சு. அவளை அவன்கிட்டேருந்து நான் மீட்டுத்தான் இருக்கேன். நேத்து என்னைப் பாக்க ஜெயிலுக்கு வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு, "உன்னைப் பாத்தாலே குமட்டுதுக்கா"ன்னு சொன்னா. என்கிட்ட அப்படிச் சொல்லலாமா சார்? அவளுக்குத் தலை வாரிவிட்ட கை இது. கொஞ்ச நாள் போனா புரிஞ்சுக்குவா.

ஆமாம், நான்தான் செஞ்சேன். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். ஆனா அந்தக் குழந்தை மேல எனக்கு வெறுப்புன்னு மட்டும் எழுதாதீங்க. நான் அதுக்குப் பெரியம்மாதான். மூச்சு நிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, "ஒரு தடவை தூக்கிக்கக்கா"ன்னு மார்லா நீட்டினா. மாட்டேன்னு சொல்லல சார். கையுறை மாட்டிக்கிட்டு வாங்கிக்கிட்டேன்.