ஹெஸ்டர் விழுந்த கிணறு

ஸ்கோன் ரொட்டிக்கு மாவை அதிகம் பிசையக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. பிசைந்தால் கல்லாகிவிடும். ஹாத்தர்லி மாளிகையின் தோட்டத் திருநாளுக்கு முப்பத்தொரு வருடமாக நான்தான் சுடுகிறேன். ஒரு தட்டுகூடக் கருகியதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

திருநாளுக்கு வருகிறவர்களுக்குப் பதினோரு மணிக்கு மாளிகையைச் சுற்றிக் காட்டுவதும் நான்தான். அந்தக் காலத்தில் காதலில் ஏமாந்த வேலைக்காரி ஹெஸ்டர் கொல்லைக் கிணற்றில் விழுந்து செத்த கதையைச் சொல்வேன். சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆளுக்கொரு கமீலியாப் பூவைக் கிணற்றில் போடும். கதையில் கொஞ்சம் என் கைச்சரக்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

கிளைவ் பைபஸ் ஓய்வுபெற்ற நில அளவையாளர். போன வருடம்தான் எங்கள் தொண்டர் குழுவில் சேர்ந்தார். சேர்ந்த கையோடு பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைக் கிளறினார். திருநாள் காலை, நான் கிணற்று மூடியைத் திறந்துவைத்த நேரத்தில், அளவு நாடாவோடு வந்து நின்றார்.

“என்ன வெர்னா, இன்னிக்கு எத்தன பேர அழவைக்கப் போற?”

“அழறவங்க அழுதுட்டுப் போறாங்க. உனக்கு எங்க வலிக்குது?”

“உன் ஹெஸ்டர் லான்செஸ்டன்ல கல்யாணம் பண்ணி, ஒம்பது புள்ள பெத்து, எம்பத்திநாலு வயசுல கட்டில்ல செத்திருக்கா. இந்தக் கெணத்துல ஒரு கோழிக்குஞ்சுகூட விழுந்ததில்ல. பதினோரு மணிக்கு நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். இப்ப என் பெல்ட்டப் பிடிச்சுக்க, ஆழம் பாக்கணும்.”

பயந்துபோனேன், ஐயா. அந்தக் கதை போனால் நான் வெறும் டீ ஊற்றுகிறவள். ஆனாலும் உதவி என்று கேட்டால் மறுக்க மாட்டேன், பிடித்துக்கொண்டேன். அவர் இடுப்புவரை குனிந்தார். அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் அடுப்பு மணி அடித்தது.

ஸ்கோன் கருகினால் யார் பதில் சொல்வது? பெல்ட்டை விட்டுவிட்டேன்.

போகுமுன் இரும்பு மூடியை இழுத்துப் பூட்டினேன். காவலுக்கு ஆளில்லாமல் கிணறு திறந்து கிடக்கக் கூடாது என்பது எங்கள் விதி. உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நின்று பேச நேரமில்லை.

பதினோரு மணிக்கு வந்தவர்களிடம் மூடியின் சாவி தொலைந்துவிட்டது என்று சொன்னேன், எல்லாரும் பூவை மூடிமேல் வைத்தார்கள். அடியிலிருந்து முனகல் கேட்டது. தொப்பி போட்ட ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஹெஸ்டரா?” என்றார். யார் மனமும் நோகப் பேசிப் பழக்கமில்லை எனக்கு. “அவளேதாம்மா,” என்றேன். அன்று அழுததுபோல் ஒரு வருடமும் யாரும் அழுததில்லை. இரண்டு மணிவாக்கில் முனகல் நின்றது. அதற்குள் ஸ்கோனும் தீர்ந்திருந்தது.

நான் பொய்க்காரி என்று கிளைவ் குழுவுக்கு எழுதிய கடிதம் உங்கள் மேசையில் இருக்கிறது. அதை மட்டும் திருத்திவிடுங்கள். அந்தக் கிணற்றில் ஆள் விழுந்து செத்தது உண்மைதானே? பெயரில்தான் சின்னப் பிழை.