ஏழாம் நம்பர்

— “தண்ணிக்குள்ள இறங்கினப்ப உன் மனசுல என்னம்மா இருந்துச்சு?”ன்னு விருது பாரம் நிரப்ப வந்த அந்த மேடம் அன்னைக்கு எவ்வளவு தன்மையா கேட்டாங்க. நீ ஒரு வார்த்தை பேசினியா, நில்சா? அதான் இந்தக் கட்டம் மட்டும் இன்னும் காலியா கிடக்கு, பாரு.

— காலியா எங்க இருக்கு, யாங்டோல் ஆனே-லே? ஊர்த்தலைவர்தான் “நாட்டுப்பற்று”ன்னு எழுதிட்டாரே.

— அதை அடிக்கச் சொல்லி நான்தான் சண்டை போட்டேன். நாட்டுப்பற்றாம். கழுத்து வரைக்கும் பனித்தண்ணி, உள்ள பதினஞ்சு வயசுப் பொண்ணு, அவளுக்கு அங்க எங்கேயிருந்து நாட்டுப்பற்று வரும்? தன் யாக் காணாமப் போச்சுன்னு குடுத்த மனுவுலயும் அந்த மனுஷன் இதைத்தான் எழுதினார்.

— டீ ஆறுது. குடிங்க.

— பேச்சை மாத்தாத. நாலு மணிக்கு ராணுவ கேம்ப் லாரி டவுனுக்குக் கிளம்புது. சுபேதார் சாப் தன் கையாலயே கொண்டுபோய்க் குடுக்கறேன்னு சொல்லியிருக்கார். கர்னல் கடிதம் வந்தாச்சு, ஸ்கூல் கடிதம் வந்தாச்சு. ஊர்ல நாப்பத்திரெண்டு வீடும் போன்ல விருதுக்கு உன் பேரைப் போட்டாச்சு. சிக்னலுக்காக மடத்து மேடு வரைக்கும் ஏறிப் போனாங்க. நடக்க முடியாத கிழவரை முதுகுல சுமந்துட்டுப் போய் விரலைப் பிடிச்சு அமுக்க வச்சாங்க. அவர் நீ தேர்தல்ல நிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கார்.

— நான் யாரையும் போடச் சொல்லலையே.

— சொல்லல. நீ எதைத்தான் சொன்ன? பிப்ரவரியிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் உன் வாயிலேர்ந்து வந்தது எல்லாம் சேத்தா ஒரு பிடி பார்லி மாவு தேறாது. ஆனே-லேன்னு அத்தை முறை வச்சுக் கூப்பிடுற, நான் ஒண்ணு சொல்றேன், கேளு. இதோ உங்க அடுப்போரம் வாயைத் திறந்துக்கிட்டு தூங்குதே என் டிஸ்கித், இது மூச்சு விடுதுன்னா உன்னாலதான். சாட்சின்னு போட்டிருக்கிற இடத்துல என் கையெழுத்து. அதை நான் போட்டுட்டேன். கீழ உன் கையெழுத்து. அதை நீ போடணும். அவ்வளவுதான் வேலை.

— எனக்கு அந்த விருது வேண்டாம், ஆனே-லே.

— உனக்கு வேண்டாம், சரி. ஊருக்கு வேணும்.

— ஊருக்கு எதுக்கு?

— பாலத்துக்கு. எத்தனை மனு குடுத்திருக்கோம், உனக்கே தெரியும். ஸ்கூலுக்குப் போற பசங்க ஒண்ணு ஒன்றரை மணி நேரம் சுத்திப் போகணும், இல்ல உறைஞ்ச ஆத்துல பனி மேல கால் வைக்கணும். டில்லியில உன்னை மேடையில நிக்க வச்சு மெடல் போடுவாங்க. அப்புறம் பெரிய பெரிய ஆளுங்க வந்து, என்னம்மா வேணும் உனக்குன்னு கேப்பாங்க. நீ வாயைத் திறந்து ஒரே வார்த்தை சொல்லு. பாலம். போதும். இவ்வளவு பேர் கையெழுத்து போட்டு ஆகாதது உன் ஒரு வார்த்தையில ஆகும்.

— ஆகுமா?

— ஆகாமப் போனாலும் கேட்டோம்னு இருக்கும். காலையில ஆத்துப் பக்கம் போனியா? ஓரத்துல கண்ணாடி மாதிரி பனி பிடிக்க ஆரம்பிச்சிருச்சு. இன்னும் ஒரு மாசம், பசங்க மறுபடியும் இறங்கிடுங்க. நம்ம சொல்லையா கேக்கப் போகுதுங்க?

— நான் அந்தப் பக்கம் போறதில்ல.

— தெரியும். அதனாலதான் ஸ்கூலையும் விட்டுட்ட. உங்கப்பா எல்லையில துப்பாக்கியும் கையுமா பனியில நிக்கிறார். போன்ல என்னைக் கேக்கறார், “என் பொண்ணு பேசுறாளா?”ன்னு. உங்கம்மா இருக்கா, மேல ரோட்டுல கல்லு உடைச்சுக்கிட்டு. கூட வேலை செய்றவங்ககிட்ட என்ன சொல்லிக்கிட்டிருக்கா தெரியுமா? “என் பையனை ஆறு கொண்டு போச்சு, ஆனா கைக்குக் கிட்ட இருந்த குழந்தையை என் பொண்ணு விட்டுடல”ன்னு. அதைச் சொல்லித்தான் அவ சுத்தியலையே தூக்குறா.

— அதான்.

— எது அதான்?

— அதனாலதான் வேண்டாம்ங்கறேன். அம்மா சொல்றது நடக்கல.

— என்ன நடக்கல?

— டிஸ்கித் நல்லாத் தூங்குறாளா?

— அது தூங்கினா கேம்ப்ல பீரங்கி வெடிச்சாலும் எழுந்திருக்காது. பாரு, அந்த ஜாக்கெட்டைக் கழட்டவே மாட்டேங்குது. வெயில் காலத்துலயும் அதுதான். அது உன் தம்பி ஜிக்மெட்டோட ஜாக்கெட், திருப்பிக் குடுத்துடலாம்னு உங்கம்மாகிட்ட கொண்டு வந்தேன். போட்டுக்கட்டும்னுட்டா. நீ அதைப் பாக்கறப்பல்லாம் முகத்தைத் திருப்பிக்கிற, எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத.

— முகத்தைப் பாத்துட்டா பரவாயில்ல. முதுகைத்தான் பாக்க முடியல.

— முதுகுல என்ன இருக்கு? நம்பர்தான இருக்கு?

— ஏழு.

— ஆமா, ஏழு. கேம்ப்ல எல்லாக் குழந்தைக்கும் ஒரே ஆரஞ்சு கலர் குடுத்தாங்க. எவன் குறும்பு பண்றான்னு தூரத்துலேர்ந்தே தெரியணும்னு ஹவில்தார் உக்காந்து வெள்ளை பெயின்ட்ல நம்பர் போட்டார். டிஸ்கித்துக்குப் பதினொண்ணு, உன் தம்பிக்கு ஏழு. அன்னைக்குப் பசங்க எப்படியோ மாத்தி மாட்டிக்கிச்சுங்க. மூணாம் நாள் கீழ ஆத்து வளைவுல அவனை எடுத்தப்ப, பதினொண்ணாம் நம்பர்தான போட்டிருந்தான். ஊரே பாத்துச்சு.

— பாத்துச்சு. ஆனா யாரும் யோசிக்கல.

— இதுல யோசிக்க என்ன இருக்கு?

— ஆனே-லே, அன்னைக்கு அவன் ரொட்டியை மறந்துட்டு வந்துட்டான். நான் வர்ற வரைக்கும் பனியில கால் வைக்காதீங்கன்னு ரெண்டு பேருக்கும் சொல்லிட்டு வீட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தா கரையில யாரும் இல்ல. நடுவுல பனி உடைஞ்சு கிடக்கு. ரெண்டு ஆரஞ்சு தெரியுது. ரெண்டும் ஜாக்கெட் தொப்பி போட்டு மூடியிருக்கு. ரெண்டும் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இருக்கு.

— தெரியும்டி. இதையெல்லாம் திரும்ப ஏன்...

— தெரியாது. கேளுங்க. பக்கத்துல ஒண்ணு. பனி விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. தள்ளி ஒண்ணு. அது பிடி இல்லாம, ஜாக்கெட்டுக்குள்ள அடைஞ்ச காத்துல மிதந்துக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல இருந்தது பதினொண்ணு. தள்ளி இருந்தது ஏழு.

— ம்.

— நான் பக்கத்துல இருந்ததைத் தாண்டிப் போனேன்.

— ...தள்ளி இருந்த குழந்தைக்குப் பிடி இல்ல. அதனால போன.

— அப்படித்தான் நானும் எனக்கே சொல்லிப் பாத்தேன். பொய். பிடி இல்லாதது பதினொண்ணா இருந்து, விளிம்புல ஏழு இருந்திருந்தா, நான் ஏழைத்தான் தூக்கியிருப்பேன். அந்த மேடம் கேட்டாங்களே, மனசுல என்ன இருந்துச்சுன்னு. ஏழுதான் இருந்துச்சு. வேற ஒண்ணுமே இல்ல.

— பதினொண்ணுன்னு பாத்த.

— பாத்தேன்.

— என் குழந்தைன்னு தெரிஞ்சுதான் தாண்டின.

— தெரிஞ்சுதான். தாண்டும்போது அது “அச்சே”ன்னு கூப்பிட்டுச்சு. ஊர்ல எல்லாப் பசங்களுக்கும் நான் அக்கா, அச்சேதான. பல்லு கிட்டிப் போன குரல், யாருதுன்னு தெரியல. “இரு, வரேன்”னேன். “சரி”ன்னுச்சு.

— நில்சா...

— அவ்வளவுதான், ஆனே-லே. சரின்னுச்சு. நான் ஏழைப் பிடிச்சு, தொப்பியோட கவ்வி இழுத்துக்கிட்டு, ஜிக்மெட் ஜிக்மெட்னு சொல்லிக்கிட்டே எப்படியோ கரைக்கு வந்தேன். தொப்பியை விலக்கிப் பாத்தா டிஸ்கித். திரும்பிப் பாத்தேன். விளிம்புல யாரும் இல்ல. அப்பதான் சரின்னு சொன்னது யாருன்னு தெரிஞ்சுது. இதை இந்தக் கட்டத்துல எழுதணுமா? இடம் பத்துமான்னு பாருங்க.

— தண்ணி இருக்கா? டீ வேண்டாம். தண்ணி.

— இந்தாங்க.

— எட்டு மாசமா தினம் இந்த வீட்டுக்கு வரட்டியும் ரொட்டியும் சுமந்தேன். உங்கம்மா காலைத் தொட்டேன். என் குழந்தைக்கு நீ ரெண்டாவது தாய்னு மடத்துல விளக்கு ஏத்தினேன். நீ பாத்துக்கிட்டே இருந்த.

— ரொட்டியை நான் சாப்பிடல. நாய்க்குப் போட்டேன்.

— எனக்குத் தெரியாம இருந்திருக்கலாம், நில்சா.

— நீங்க கையெழுத்து போடச் சொன்னீங்க.

— நானா இருந்தாலும் அப்படித்தான் தாண்டிப் போயிருப்பேன். எந்தத் தாயைக் கேட்டாலும், எந்த அக்காவைக் கேட்டாலும் அதான். அது எனக்குப் புரியாம இல்ல. ஆனா அதை உன் முகத்தைப் பாத்துச் சொல்ல இன்னைக்கு எனக்கு மனசு வரல. நாளைக்கு வருமோ என்னமோ. டிஸ்கித், எழுந்திரு. வீட்டுக்குப் போலாம்.

— நான் தூங்கலம்மா.

— எப்போலேர்ந்து தூங்கல?

— பீரங்கின்னு சொன்னீங்களே, அப்போலேர்ந்து. அம்மா, அச்சேவைத் திட்டாதீங்க. மாத்தி மாட்டிக்கல.

— என்ன உளர்ற?

— ஜாக்கெட்டு. நாங்க மாத்தி மாட்டிக்கல. ஜிக்மெட் குடுத்தான்.

— குடுத்தானா? இத்தனை நாளா எத்தனை பேர் கேட்டாங்க. வாயே திறக்கலையே நீ.

— சொல்லாதேன்னான். ஜாக்கெட்டைக் கழட்டிக் குடுத்தா அச்சே திட்டுவாங்களாம். நான் சத்தியம் பண்ணிட்டேன். இப்ப நீங்க அச்சேவைத் திட்டறீங்க, அதான் சொல்றேன்.

— கிட்ட வா, டிஸ்கித். அச்சே திட்ட மாட்டேன். எப்பக் குடுத்தான்?

— நீங்க ரொட்டி எடுக்கப் போனீங்களே, அப்ப. ஸ்கூல்ல மணி அடிச்சிட்டாங்க. அன்னைக்குக் கேம்ப்லேர்ந்து ஆபீசர் வந்து லட்டு குடுக்கறதா இருந்துச்சு. லேட்டாப் போனா கிடைக்காது, வா போலாம்னான். நான் மாட்டேன்னேன். பனிக்குள்ள டொக்கு டொக்குன்னு சத்தம் வந்துச்சு. எனக்குப் பயமா இருக்குன்னு அழுதேன். பயந்தாங்கொள்ளின்னான். அப்புறம் அவனே கழட்டினான்.

— ஏன் கழட்டினான்?

— இந்தா, இதைப் போட்டுக்கோன்னான். ஏழாம் நம்பர் விழுந்தா எங்க அச்சே எங்க இருந்தாலும் வந்து தூக்கிடுவா, உன் நம்பருக்கு வருவாளான்னு எனக்குத் தெரியாதுன்னான். “அப்ப உனக்கு?”ன்னு நான் கேட்டேன், அச்சே. நெசமாவே கேட்டேன். நான் விழ மாட்டேன்னான்.

— டிஸ்கித், போதும். வாயை மூடு.

— அவன் சொன்ன மாதிரிதாம்மா வந்தாங்க. அச்சே, உங்களுக்குக் கோவமா? ஜாக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடவா?

— நில்சா. நில்சா, இங்க பாருடி. ஏதாவது பேசு. அழு, இல்ல என்னைத் திட்டு. நான் சொன்னதெல்லாம் விடு. இந்தப் பேப்பரை அடுப்புல போடறேன், போடட்டுமா?

— அம்மா, அச்சே என் தொப்பியை இழுத்து மூடுறாங்க. முடிச்சு போடறாங்க. அச்சே, இறுக்கமா இருக்கு.

— பேசாம இரு. போடட்டும்.

— அச்சே கதவைத் திறக்கறாங்கம்மா.

— நில்சா, வெளியில காத்து அடிக்குது. அந்தக் கம்பளியையாவது எடுத்துக்கோ. நான் கூட வரட்டுமா? நில்லுடி.

— ஆத்துக்கா போறாங்க?

— இல்ல. மேல போறா. ரோட்டுக்கு. அவங்கம்மாகிட்ட.

— ஜிக்மெட் சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லுவாங்களாம்மா?