சம்ப்புக்கு ஒரு மூலை

சம்ப் என்றதும் குடிதண்ணீர்த் தொட்டி என்று நினைத்துவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர் சார். கடல்மீன் வளர்க்கிறவர்களுக்கு அது வேறு. மீன்தொட்டியில் வழிகிற தண்ணீர் கீழே இன்னொரு கண்ணாடித் தொட்டிக்கு வந்து, வடிகட்டி, மோட்டார் வழியாக மேலே திரும்பும். அந்தக் கீழ்த்தொட்டிதான் சம்ப்.

தென்காசியில் எங்கள் வீட்டில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. ஹாலில் மீன்தொட்டிக்கு அடியில் செங்கல் மேடை. சுவருக்கு அந்தப் பக்கம் நிர்மலாதேவி அக்காவின் அறை. கல்யாணமே கட்டாமல் என்னை ஆளாக்கியவள். நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருந்தாள். கட்டிலின் தலைமாட்டு மூலையில் மெஷின். இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக் வீட்டிலேயே அங்கே ஒன்றுதான், அவளுக்காகவே போட்டது.

அந்த மூலையைச் சம்ப்புக்குத் தயங்கித்தான் கேட்டேன்.

"ஏலே ஈஸ்வரா, இங்கன வச்சுக்கோல. அருவிக்குத்தான் போவ முடியல, தண்ணிச் சத்தமாவது கேக்கட்டும்" என்றாள்.

இன்வெர்ட்டர் இரண்டையும் தாங்காது. மோட்டாரை அந்தப் பிளக்கில் மாட்டி, மெஷினைக் கால்மாட்டில் சாதாரண பிளக்குக்கு மாற்றினேன். சாரல் காற்றடித்தால் கரண்ட் போய்விடும் என்பது குற்றாலத்துக் குரங்குக்கும் தெரியும். போனாலும் சீக்கிரம் வந்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மூலை சின்னது, அதனால் சம்ப்பும் சின்னது. மோட்டார் நின்றால் மேல்தண்ணீர் இறங்கி, சம்ப் வழிந்து, தரையெல்லாம் உப்புத் தண்ணீராகிவிடும். முன்பு ஒருமுறை அப்படி ஆகி, மோட்டார் புகைந்து, மீன்கள் செத்தன. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம், மனைவி இராமலட்சுமி சடங்கு வீட்டுக்குக் கடையம் போயிருந்தாள். காற்றில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போயிற்று. மோட்டார் ஓடியது. மெஷின் நின்றது.

"இப்ப வந்துரும்க்கா" என்றேன். வரவில்லை. அக்காவின் உதடு நீலம் பாய்ந்தது.

மாடியில் தூங்கிவிட்டேன் என்று உங்களிடம் முதலில் சொன்னது பொய். அவள் பக்கத்தில், கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தேன். மோட்டாரைப் பிடுங்கி மெஷினை மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பாவி நான், தரையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா தலைமாட்டுப் பிளக்கை நோக்கிக் கையை நீட்டினாள். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். ஆறுதலுக்குத்தான் பிடித்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை, சார். அவள் எட்டிப் பிடுங்கிவிடக் கூடாதென்றுதான் பிடித்தேன்.