கத்தாத நாள்

எனக்குத் தொண்டை கொஞ்சம் பெரிது. பிறந்தபோது நான் அழுத அழுகையில் பிரசவ வார்டில் இருந்த மற்ற குழந்தைகளும் விழித்துக்கொண்டனவாம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நீங்கள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தது சரிதான், ஆனால் தேவையிருக்காது. நான் இப்போது மெதுவாகப் பேசப் பழகிவிட்டேன்.

கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு இந்தச் சலவை ஆலையின் இரவு ஷிப்டில் சேர்ந்தவன் நான். விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்புவோம். இரைச்சலுக்கு மேலே கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவனுக்கு நாம் இருப்பதே தெரியும். அப்படிக் கத்திக் கத்தித்தான் பகல் ஷிப்டுக்கு வந்தேன், சூப்பர்வைசர் ஆனேன். பட்டம் இல்லாதவனுக்கு அதற்கு மேல் படி கிடையாது. கீழே இறங்கினால் நிற்க இடமும் கிடையாது.

பெரிய ரோலரைப் பார்த்திருப்பீர்கள். ஈர விரிப்பின் முனைகளை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து முன்னால் கொடுக்க வேண்டும். சூடான உருளை அதை இழுத்துப் பின்பக்கம் காய்ந்த துணியாகத் தள்ளும். கொடுக்கிற கைக்கும் உருளைக்கும் நடுவே ஒரு காப்புக் கம்பி இருக்கிறது. கை தவறி அதில் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். தினமும் வேலை தொடங்கும் முன் அந்தக் கம்பியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவேன். ரோலர் நின்றால்தான் ஆட்களை அருகே விடுவேன். அதன்பிறகு பொழுது சாயும்வரை "கையை எடு, கையை எடு" என்று கத்திக்கொண்டே இருப்பேன். எனக்குச் சங்கு என்று பட்டப்பெயர். "சங்கு வருதுடா, காதுல பஞ்ச வை" என்று எனக்குக் கேட்கும்படியே சொல்வார்கள். நான் பொறுப்பில் இருந்தவரை அங்கே ஒருவருக்கும் ஒரு விரல்கூடப் போனதில்லை.

புது மேனேஜர் வந்ததும் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார். தலைமை தாங்குகிறவன் முதலில் தன்னை அறிய வேண்டும் என்றார் பயிற்சி கொடுத்த அம்மா. மெல்லிய குரல்தான். கடைசி வரிசையில் இருந்த எனக்கும் கேட்டது. எதையும் செய்வதற்கு முன் மூன்று முறை மூச்சை இழுத்து விடுங்கள் என்றார். அடுத்தவர் பேசினால், முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள் என்றார். எல்லாவற்றையும் நீங்களே சரிபார்க்கிறீர்கள் என்றால் நீங்கள் யாரையும் நம்பவில்லை என்று பொருள் என்றும் சொன்னார். கேட்கக் கேட்க, என் வாழ்க்கை மொத்தமும் அளவு தப்பித் தைத்த சட்டையாகத் தெரிந்தது. எழுந்து வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

பிறகு அந்த அம்மா எங்கள் ஆலைக்கே வந்தார். என் ஆட்களை வட்டமாக உட்கார வைத்து, என்னைப் பற்றி மனதில் இருப்பதைச் சொல்லச் சொன்னார். நான் பதில் பேசக் கூடாது. ஒவ்வொருவர் சொல்லி முடித்ததும் நன்றி என்று மட்டும் சொல்ல வேண்டும். அதுதான் விதி.

பின்பக்கம் மடிப்பு வேலை பார்க்கிற அக்கா முதலில் பேசினாள். "கத்துனா கத்திட்டுப் போறாரு. என் வீட்டுக்காரருந்தான் கத்துறாரு. இவராவது காரணத்தோட கத்துறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நன்றி என்றேன்.

அடுத்தது என் மச்சினன். என் மனைவியின் தம்பி. அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். ரோலருக்கு முன்னால் நிற்பான். கைவேகம் உண்டு, வாய்வேகம் அதைவிட உண்டு. எழுந்து நின்று நெஞ்சை நிமிர்த்தி, என்னைப் போலவே நடந்து காட்டினான். இல்லாத கம்பியைத் தட்டினான். "கையை எடு" என்று என் குரலிலேயே கத்தினான். மேனேஜர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் அவன் சாதாரணக் குரலில் சொன்னான்.

"மாமாவுக்குக் கோவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. பயம். அவர் இல்லாமலே மெஷின் ஓடும்னு எங்களுக்குத் தெரிஞ்சுருமோன்னு பயம்."

நன்றி என்றேன்.

அவன் சொன்னது உண்மை. என்னைப் பற்றி யாரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. அதனால் அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அன்று மாலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "கொஞ்ச நாள் பாக்கலாம். நீங்க மாறலேன்னா உங்க மச்சினனையே போட்டுடலாம். பதவி குடும்பத்துக்குள்ளதான இருக்கும்" என்று தோளில் தட்டினார். வீட்டில் சொன்னேன். மனைவி சாதத்தைப் போட்டுக்கொண்டே, "என் தம்பி சொன்னதுல என்ன தப்பு?" என்றாள்.

நான் மாறினேன். கத்துவதை நிறுத்தினேன். கம்பியைத் தட்டிப் பார்ப்பதையும் நிறுத்தினேன். அதை இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், உங்களை நம்புகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். "என்ன சார், தொண்டையில ஏதும் ஆபரேஷனா?" என்றாள் மடிப்புக்கார அக்கா. "இப்பதான் நம்ம வீட்ல டிவி சத்தமே கேக்குது" என்றாள் மனைவி. யாரும் என்னைச் சங்கு என்று கூப்பிடவில்லை. யாரும் என்னைக் கூப்பிடவே இல்லை. சந்தேகம் வந்தால் மச்சினனிடம் போனார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னான். ரோலர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நான் ராத்திரியில் படுக்கையில் உட்கார்ந்து மூச்சு இழுத்து விட்டுப் பழகினேன். பைத்தியம் பிடித்தவன்போல் பழகினேன். இந்த ஒரு வேலையை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

சம்பவத்தன்று ஒரு விரிப்பு ஓரம் சுருண்டுகொண்டு உள்ளே போனது. மச்சினன் அதை நீவிவிடக் கம்பிக்கு மேலே கையை நீட்டினான். கை கம்பியில் பட்டது, ரோலர் நிற்கவில்லை. சுருண்ட துணியோடு சேர்த்து அவன் கையையும் இழுத்தது. விடுவித்துக்கொள்ள இன்னொரு கையை ஊன்றினான். அதையும் இழுத்தது. நான் ரோலரை நிறுத்தும் சிவப்புப் பட்டன் இருக்கும் தூண் அருகே நின்றேன். பதறவில்லை. மூச்சை இழுத்து விட்டேன். விரிப்பின் முன்பகுதி பின்பக்கம் வெளியே வந்தபோது மடிப்புக்கார அக்கா அதைக் கையில் வாங்கினாள். அவள்தான் கத்தினாள். அவள் பக்கத்துப் பட்டனை அவள்தான் அழுத்தினாள்.

இரண்டு கைகளும் முழங்கைக்கு மேலே எடுக்கப்பட்டுவிட்டன என்று உங்களுக்குத் தெரியும். உயிர் இருக்கிறது. மருத்துவமனையில் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஊரு உலகத்துக்கெல்லாம் கத்துனீங்களே, அன்னிக்கு ஒரு வார்த்த கத்தியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். கத்துவதை விட்டது அவளுக்குப் பிடித்திருந்ததே என்று விளக்கப் பார்த்தேன். நான் முடிக்கும்வரை அவள் கேட்கவில்லை.

மச்சினன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தான்.

"பாத்துக்கிட்டே நின்னீங்கல்ல மாமா."

நன்றி என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது. அதைக் கேட்டபிறகுதான் மனைவி உங்கள் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்க வந்தாள் என்று நினைக்கிறேன்.

அவன் சொன்னது இந்தத் தடவையும் சரி. ஒரு விஷயம் மட்டும் அவனுக்குத் தெரியாது. அன்று காலை யாரும் வருவதற்கு முன் நான் ரோலரை ஓட விட்டு, கம்பியைத் தட்டிப் பார்த்தேன். பழைய பழக்கம், கை தானாகப் போய்விட்டது. ரோலர் நிற்கவில்லை. மறுபடியும் ஓங்கித் தட்டினேன். நிற்கவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். ரோலரை அணைத்துவிட்டுப் போய் டீ குடித்தேன். எல்லாவற்றையும் நானே சரிபார்த்தால் அவர்கள் எப்போது பொறுப்பு எடுப்பார்கள்? இவர்களில் யாராவது தட்டிப் பார்க்கிறார்களா என்று பார்க்க நினைத்தேன். யாரும் தட்டவில்லை. அவன் வந்து நேராக ரோலர் முன்னால் நின்றான். நான் இல்லாமல் அது ஓடாது என்று காட்டுவதற்காக நான் இதைச் செய்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். முன்பிருந்த நான் அப்படி நினைத்திருப்பேன். நான் மாறிவிட்டேன் என்று உங்கள் தாளில் எங்காவது ஒரு வரி இருந்தால் போதும், எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

என் கை பட்டன்மேல்தான் இருந்தது. ஒளிக்க ஒன்றுமில்லை. மூன்று மூச்சு முடிந்தது, மனம் அடங்கவில்லை. அதனால் இன்னும் மூன்று எடுத்தேன். அதற்குள் அவன் என் பக்கம் திரும்பி மாமா என்றான். மெஷின் நிக்கல மாமா என்றான். பட்டன், பட்டன் என்றான். அதற்கப்புறம் வார்த்தை இல்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. அவ்வளவு வருஷத்தில் அவன் என்னைக் கேலி செய்யாமல், என் முகத்தை நேராகப் பார்த்து, என்னிடம் ஒன்றைச் சொன்னது அன்றுதான்.

அவன் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கிடவில்லை.