மாமியார் மிதக்கணும்

அந்த பட்டனை அமுக்கிப் பிரயோஜனம் இல்ல டாக்டரம்மா, அட்டை தொங்குது பாருங்க. லிஃப்ட் பழுது. எழுத்து கோணலா இருக்கா? யாரோ அவசரத்துல எழுதிருப்பாங்க, விடுங்க. பெட்டியை இப்படிக் குடுங்க, நான் தூக்கறேன். எதிர் வீட்டுக்காரன்னு நான் எதுக்கு இருக்கேன்? மூணு மாடிதானே. தனியா ஏறினா மூணு நிமிஷம். என்கூட ஏறினா கொஞ்சம் கூட ஆகும்.

ஆமா, நீங்க சனிக்கிழமைதானே வர்றதா சொன்னீங்க? இன்னிக்கு புதன். தங்கச்சிக்குப் பிரசவம் ஆயிடுச்சா? பொண்ணா! தாயும் பிள்ளையும் சௌக்கியமா? ரொம்ப சந்தோஷம். அப்போ இன்னும் நாலு நாள் இருந்து கொஞ்சிட்டு வர்றதுக்கென்ன? ஓ, மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க மொத்தமா வந்து இறங்கிட்டாங்களா. சொல்லாம கொள்ளாம வந்து அடுத்தவங்க வீட்டை நிறைச்சுடறாங்க பாருங்க, சில பேரு. அதைப்பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

செடியா? ஜம்முனு இருக்கு. சாவி பத்திரமா என்கிட்டதான் இருக்கு. அதாவது எங்க வீட்டுக்காரிகிட்ட. ரெண்டும் ஒண்ணுதான்.

தலையிலயா? எங்க? அட, இறகு. முப்பத்தோரு வருஷமா பூங்கா குளத்துல வாத்து மேய்க்கறவன் தலையில இறகு இல்லாம ரோஜாப்பூவா இருக்கும்?

சத்தமா பேசறேனா? தொழில் பழக்கம். எதிர்க்கரையில இருக்கறவனுக்கும் கேக்கணும்ல. டாக்டரம்மா வந்துட்டாங்கன்னு நான் இப்ப சொன்னா மூணாவது மாடி வரைக்கும் கேக்கும். டாக்டரம்மா வந்துட்டாங்க! பாருங்க, எப்படி எதிரொலிக்குது.

நீங்க பேச வேண்டாம், மூச்சு வாங்கும். போன மாசம் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கறப்ப வாய் நிறைய பஞ்சை அடைச்சுட்டு, எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டீங்க. நான் ஆ ஆன்னேன். ரெண்டான்னு நீங்களே முடிவு பண்ணீங்க. நமக்கு ஒண்ணுதான். ரெண்டாவது எங்கன்னு வீட்டுக்காரி என்னைத் தேடச் சொல்றா. அந்தக் கணக்கை இன்னிக்குத் தீர்த்துக்கறேன், நீங்க வாயை மூடிட்டு ஏறுங்க.

மழையைப் பார்த்தீங்களா, நாலு நாளா விட்டபாடில்ல. இதுல தண்ணிப் பறவைங்க என்ன பண்ணும்னு யோசிச்சிருக்கீங்களா? எங்க யோசிச்சிருப்பீங்க, அதுங்களுக்குத்தான் பல்லே கிடையாதே.

கொக்கை எடுத்துக்கங்க. மழை வந்தா கழுத்தை உள்ள இழுத்துக்கும், ஒரு காலை மடிச்சு வயித்துச் சூட்டுல சொருகிக்கும், அவ்வளவுதான். ஒரு தடவை அடைமழை, அஞ்சு நாள். கொக்கு ஒண்ணு இம்மிகூட அசையல. எங்க தோட்டக்காரருக்கு வெள்ளெழுத்து. கம்பம்னு நினைச்சு அதோட காலைச் சேர்த்து வேலிக்கம்பி கட்டிட்டார். ஆறாம் நாள் வெயில் வந்துச்சு. வேலியோட பறந்து போச்சு. சத்தியமா. நாப்பது அடி வேலி. பக்கத்து ஊர்ல எங்கயோ போய் இறக்கி வெச்சதா கேள்வி.

நீர்க்காகம் இருக்கே, கறுப்பா, அது வேற ஜாதி. அதோட இறகு தண்ணியை உள்ள வாங்கிக்கும். அப்பதான் உள்நீச்சல் வரும். வெளிய வந்ததும் கல்லு மேல நின்னு ரெண்டு இறக்கையும் விரிச்சுக் காயப்போடும். நான் சும்மா இருப்பேனா? என் பனியனைத் துவைச்சு அந்த இறக்கை மேல போட்டேன். ஒரு வாரம் நல்லாத்தான் காஞ்சுது. எட்டாம் நாள் பனியனைப் போட்டுக்கிட்டே போயிடுச்சு. சிரிக்காதீங்க, அது புதுப் பனியன்.

இங்க உக்காருவோம், முதல் மாடி. எனக்கு முட்டி.

வாத்து கதைக்கு வர்றேன். வாத்து மேல மழை பெஞ்சா முத்து முத்தா உருண்டு ஓடும், பார்த்திருப்பீங்க. அது எப்படி? வாலுக்கு மேல, முதுகு முடியற இடத்துல ஒரு சின்ன மொட்டு இருக்கு. அதுதான் எண்ணெய்க் கிண்ணம். அலகால தொட்டுத் தொட்டு உடம்பெல்லாம் பூசும், இறகை ஒண்ணோட ஒண்ணு கோத்துவிடும். தலைக்கு அலகு எட்டாதுல்ல? தலையையே கொண்டுபோய் மொட்டு மேல தேய்க்கும். என்ன மூளை பாருங்க. நாளெல்லாம் இதே வேலைதான். எங்க வீட்டுக்காரி கண்ணாடி முன்னாடி நிக்கற நேரத்தை விட ரெண்டு நிமிஷம் கூட. அந்தப் பூச்சு இருக்கற வரைக்கும் உள்ள ஒரு சொட்டு போகாது. போச்சுன்னா வாத்தும் நனைஞ்ச தலகாணியும் ஒண்ணு.

எப்படிப் போகும்னுதானே கேக்கறீங்க? கேக்கலயா? சொல்றேன்.

புது சூப்பரின்டெண்ட் வந்திருக்கார். போன வாரம் குளத்தைப் பார்த்துட்டு, பதிவேட்டுல வெள்ளை வாத்து பதினொண்ணுன்னு இருக்கு, இங்க பழுப்பு வாத்துல்ல நீந்துது, வெள்ளையெல்லாம் எங்க போச்சுன்னு கேட்டார். சேறுங்க ஐயான்னேன். ஞாயித்துக்கிழமை மறுபடி வருவேன், அன்னிக்கு எனக்கு வெள்ளையா இருக்கணும்னுட்டார். மனுஷன் சட்டையில மடிப்பு நின்னுக்கிட்டு நம்மளைப் பார்க்கும்.

சனிக்கிழமை நானும் வீட்டுக்காரியும் உக்காந்தோம். சலவைப் பொடி, ரெண்டு வாளி. ஒவ்வொண்ணா. முப்பத்தோரு வருஷ சர்வீஸ் டாக்டரம்மா, இப்ப உங்ககிட்ட விளக்கினேனே எண்ணெய், மொட்டு, பூச்சு, எல்லாம் தெரியும். வர்றவன் போறவனுக்கெல்லாம் சொல்லுவேன். அன்னிக்கு ஒண்ணுமே ஞாபகம் வரல. அவர் சட்டை மடிப்புதான் கண்ணுல நின்னுச்சு. அலசினப்புறம் பார்க்கணுமே, பதினொண்ணும் பால் மாதிரி. அன்னிக்கு ராத்திரி கொட்டாய்லயே அடைச்சுட்டேன், மறுபடி சேறாகக் கூடாதுன்னு.

வாங்க, ஏறுவோம். மேல என்ன சத்தம்? குழாய்ல காத்து. உங்க வீட்டுக் குழாயா இருக்காது.

ஞாயித்துக்கிழமை ஐயா வந்தார், பார்த்தார், பேஷ்னார். பதினொண்ணையும் குளத்துல விட்டேன். அதே நேரம் வானம் பொத்துக்கிச்சு. வழக்கமா மழைன்னா அதுங்களுக்குக் கல்யாண வீடு. அன்னிக்கு என்னடான்னா, ஒவ்வொண்ணா இறங்குது. வால் முங்குது, முதுகு முங்குது. எங்க மாமியார் கழுத்து மட்டும்தான் வெளிய.

அய்யய்யோ, என் மாமியார் இல்ல. வாத்தோட பேரு. கூட்டத்துலயே பெரியவ. நடையும் பார்வையும் அப்படி. என்னைக் கண்டா ஒரு சத்தம் போடுவா, நான் செஞ்சது எதுவுமே சரியில்லங்கற மாதிரி. பன்னெண்டு வருஷம் முன்னாடி தாய் வாத்து கொஞ்ச நாள் அடைகாத்து விட்டுட்டுப் போன முட்டை. என் பனியனுக்குள்ள வெச்சு, குனியாம நிமிராம பதினெட்டு நாள் வேலை பார்த்தேன். என் தொப்புள் கிட்டதான் ஓட்டை உடைச்சா. இது கதை இல்ல டாக்டரம்மா. கொக்கு, பனியன் ரெண்டையும் நீங்க நம்ப வேண்டாம். இதை நம்புங்க.

என்னய்யா இதுங்க இவ்வளவு ஆழமா நீந்துதுன்னார் ஐயா. குளிக்குதுங்க, உங்களுக்கு மரியாதைன்னேன். தலையை ஆட்டிட்டு, மடிப்பு நனையுதேன்னு காருக்கு ஓடினார். கார் திரும்பினதுதான் தாமதம், செருப்போட குதிச்சேன். இடுப்பளவு தண்ணி. கையில ரெண்டு, கக்கத்துல ரெண்டு, மாமியாரைப் பல்லால. இல்ல, அது பொய். நெஞ்சோட. நடுங்கினா பாருங்க, என் எலும்பும் சேர்ந்து ஆடிச்சு.

கால்நடை டாக்டருக்கு போன் போட்டேன். முதல்ல சிரிச்சார். அப்புறம் சொன்னார், சோப்பு மிச்சம் ஒட்டியிருந்தா எண்ணெய் பிடிக்காது, வெதுவெதுப்பான தண்ணியில அது மொத்தமா போற வரைக்கும் அலசணும், பெரிய தொட்டியா இருக்கணும், கதகதப்பா வெச்சுக் காயவைக்கணும், அதுங்களா எண்ணெய் பூசி மறுபடி மிதக்கற வரைக்கும் மழை படக் கூடாது. பட்டா குளிர்லயே போயிடும்னார். பூங்காக் கொட்டாய் ஒழுகுது. எங்க வீட்டுல குளிக்கறதுன்னா ஒரு வாளி, ஒரு சொம்பு. அதுல வாத்து நுழைஞ்சா நான் வெளிய நிக்கணும். தள்ளுவண்டியில தார்ப்பாயைப் போட்டு மூடி, கீரை வாங்கிட்டுப் போற மாதிரி இந்த வாசல் வழியாத்தான் கொண்டுவந்தேன்.

ரெண்டாவது மாடி. கொஞ்சம் நில்லுங்க. என்ன அப்படிப் பார்க்கறீங்க?

பத்து வாத்து தேறிடுச்சு. திங்கள்கிழமையே வாலுப் பக்கம் அலகைக் கொண்டுபோக ஆரம்பிச்சுடுச்சுங்க. நேத்து மிதக்கவும் செஞ்சுது. மாமியார்தான். மூணு நாளா மொட்டைத் தொடல. சாப்பாடும் கிடையாது. சுவத்தைப் பார்த்து உக்காந்துட்டா. என்னைப் பார்த்து சத்தம்கூடப் போடல டாக்டரம்மா, அதைத்தான் தாங்க முடியல. என் வீட்டுக்காரி பக்கத்துலயே உக்காந்து, தன் தலையில எண்ணெய் தேய்ச்சுக் காட்டறா, இப்படிடி, இப்படின்னு. முப்பது வருஷத்துல நான் கேட்டு ஒரு தடவை செஞ்சதில்ல.

இன்னிக்கும் தொடலன்னா நாளைக்கு டாக்டரே வந்து பார்க்கறேன்னிருக்கார். அவர் அப்படிச் சொல்ற குரல் நல்லா இல்ல.

கேட்டுச்சா? உஷ். மறுபடி.

அது குழாய்ல காத்து இல்ல. அந்தக் குரல் எனக்குத் தெரியும். நான் செஞ்சது எதுவுமே சரியில்லன்னு சொல்றா. பன்னெண்டு வருஷமா கேட்டுட்டிருக்கேன், தப்பாகுமா? வீட்டுக்காரியும் ஏதோ கத்தறா. என்னடி? இன்னும் கத்திச் சொல்லு! பூசிட்டாளாம் டாக்டரம்மா! தலையையும் தேய்ச்சுட்டாளாம்! மிதக்கறாளாம்! வாங்க, ஓடி வாங்க, முட்டியா, எந்த முட்டி, பெட்டியைக் கீழ போட்டா போட்டும், சட்டைதானே உள்ள!

இதோ, வந்துட்டோம். சாவியைத் தேடாதீங்க, உங்க கதவு திறந்துதான் இருக்கு. நம்ம கட்டடத்துலயே தொட்டி வெச்ச குளியலறை உங்க ஒருத்தருக்குத்தானே. சனிக்கிழமை காலையில எல்லாத்தையும் துடைச்சு வெச்சிருப்போம், நீங்கதான் முந்திட்டீங்க. முடி காயவைக்கற மெஷின் நல்லாவே ஓடுது, கொஞ்சம் வாத்து வாடை மட்டும் அடிக்கும். லிஃப்டும் நல்லாத்தான் ஓடுது, நீங்க வர்றதைப் பார்த்துட்டு மாட்டின அந்த அட்டையை அப்புறமா கழட்டிடறேன்.

அய்யோ, என்ன பண்றீங்க, செருப்பைக் கழட்டாதீங்க. போட்டுக்கிட்டே வாங்க.