காலி பேலட், ஐம்பத்தெட்டு கிலோ

ஏன், எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது...

இரவு இரண்டே கால் மணி. புறவழிச் சாலையில் அந்த ஒரு கொட்டகையில்தான் விளக்கு. சுற்றிலும் ஒரு ஈ காக்கை கிடையாது. என் கூட்டாளியின் அக்கா புருஷன் அங்கே இரவு ஷிப்ட் செக்கர்.

கொட்டகை என்றால் சரக்கு தேக்கிவைக்கிற இடம் இல்லை. இடப்பக்கக் கதவுகளில் வெளியூர் லாரிகள் முதுகைக் கொடுத்து நிற்கும். இறக்கியதை ஊர்வாரியாகப் பிரித்து, எடை போட்டு, வலப்பக்கம் நிற்கும் லாரிகளில் நேராக ஏற்றிவிட வேண்டும். அவ்வளவுதான். அலமாரி கிடையாது. விடிவதற்குள் தரை மொட்டையாக இருக்க வேண்டும். சரக்கு அடுக்குகிற மரச்சட்டம், அதாவது பேலட், காலியாக இருந்தாலும் எண்ணிக்கையில் சேர்த்தி. வந்ததும் போனதும் ஒத்துப்போகாமல் கடைசி லாரி நகராது.

"இது குடோன் இல்லடா, பஸ் ஸ்டாண்டு. எவனும் குடித்தனம் பண்ணக் கூடாது" என்பார் சூப்பர்வைசர். அவர் தொண்டைக்கு லோடுமேன்கள் வைத்த பெயர் ஹாரன்.

செக்கரின் தம்பி அங்கேயே லோடுமேனாக இருந்தான். போன வருடம் மூன்றாம் கதவில், லாரி பின்னால் வரும்போது, மேடைக்கும் லாரிக்கும் நடுவில்... லாரி வரலாம் என்று பச்சை விளக்கைப் போட்டது அண்ணன்தான்.

அன்று அதே மூன்றாம் கதவில் வந்த லாரியில், கடைசியாக ஒரு காலி பேலட். வெறும் மரச்சட்டம். செக்கர் அதைத் தராசில் வைத்தார். பேலட் எடையைத் தராசே கழித்துவிடும். பூஜ்யம் காட்ட வேண்டும்.

ஐம்பத்தெட்டு காட்டியது.

எடுத்தார். வைத்தார். ஐம்பத்தெட்டு... மரம் கிறீச்சிட்டது. குத்தவைத்திருப்பவன் கால் மாற்றினால் வருமே, அந்தச் சத்தம். கூடவே தைல வாசனை. தம்பி முதுகுக்குத் தடவுவது.

உயிரோடு இருந்தபோது அவன் வாரம் ஒரு முறை அதே தராசில் ஏறி நின்று சிரிப்பான். "பாத்தியாண்ணே, அம்பத்தெட்டு. இங்க கேக்க நாதியில்லாத சரக்கு நான்தான்."

"காலி பேலட்டோட என்னய்யா கொஞ்சல்? இருபதாம் கதவுல ஏத்து!" ஹாரன்.

ஏற்றினார். லாரி போயிற்று.

மறுநாள் வேறு லாரியில் வந்தான். ஐம்பத்தெட்டு. அனுப்பினார். அதற்கு மறுநாளும்... எட்டு இரவு. வந்தான், போனான்.

வீட்டில் சொன்னார். "செத்தவரு போகட்டும், விடுங்க" என்றாள் மனைவி.

"எங்கடி போறான்? சுத்திக்கிட்டேல்ல இருக்கான். ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன்."

ஒன்பதாம் இரவு. தராசின் முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினார்.

"ஏறிக்கடா. வீட்டுக்குப் போலாம்."

தோளில் இரண்டு கைகள் விழுந்தன. ஈரமாக... தராசு பூஜ்யத்துக்கு இறங்கியது.

வெறும் பேலட்டை இருபதாம் கதவில் ஏற்றினார். முதுகுச் சுமையோடு நடக்க ஆரம்பித்தார். கேட்டைத் தாண்டும்போது ஒலிபெருக்கியில் ஹாரனின் குரல்.

"இருபதாம் கதவுல ஒண்ணு கொறையுது... வண்டிய எடுக்காதீங்க..."

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

"ஆங்... சரியாயிடுச்சு. எடு, எடு."

லாரி அவரை உரசிக்கொண்டு போயிற்று. அந்த நொடியில் முதுகு லேசாகிவிட்டது. கையைப் பின்னால் விட்டுத் துழாவினார். யாரும் இல்லை. இவ்வளவு செய்தும் விட்டுவிட்டோமே என்று அழுதுகொண்டே, மூச்சிரைக்க வீடு வரை ஓடினார்.

மனைவி கதவைத் திறந்தாள். அவள் பின்னால் என் கூட்டாளியும் நின்றிருந்தான்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அவர் தோளுக்கு மேலாக, காலித் தெருவைப் பார்த்தாள்.

"தம்பி... நீயா?"

அவர் தன் முகத்தைத் தடவிப் பார்த்தார். கையில் தைல வாசனை.

"உங்கண்ணன் எங்கப்பா?"